ஏழு மைக்ரோகிராம்

அத்தியாயம் பதினொன்று

"நாப்பத்து மூணுக்கா."

தொலைபேசியில் தங்கையின் குரல் இந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. காலை மணி ஒன்பதரை. பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடி அறைக்கு வெளியே, ஒரு கையுறையைக் கழற்றி அங்கிப் பையில் செருகிக்கொண்டு நின்றாள் பெரியவள்.

"எது நாப்பத்து மூணு? ஒழுங்காச் சொல்லு."

"நம்ம வாண்டு ரத்தத்துல ஈயம். போன தடவை முப்பத்தொண்ணு இருந்துச்சில்ல? குறைஞ்சிருக்கும்னு நினைச்சுத்தான் திரும்ப எடுத்தாங்க. நாப்பத்து மூணு வந்திருக்கு. நாப்பத்தஞ்சைத் தொட்டா ஆஸ்பத்திரியில சேர்த்துடணுமாம். ரத்தத்துல இருந்து ஈயத்தை இழுக்கற மருந்து குடுக்கணுமாம். மூணு வயசுப் பிள்ளைக்கு!"

"கூடியிருக்கா? குறையலையா?"

"காது கேக்கலையா உனக்கு?"

காதில் நன்றாகவே கேட்டது. 

சென்ற வாரம் வரை நடந்தவற்றை இவ்விடத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுவது முறையாகும். தங்கையின் மகன் வாண்டு அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுது, சோறு இறங்காமல், ஓடியாடுவதை விட்டு மூலையில் சுருண்டு படுக்கத் தொடங்கியபோது, மருத்துவர் அவனது ரத்தத்தைச் சோதித்தார். ஈயம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கண்டறியும் பொறுப்பு பெரியவளின் தலையில் விழுந்தது. உணவிலும் நீரிலும் மண்ணிலும் நுண்ணளவில் கலந்திருக்கும் உலோகங்களை அளப்பதுதான் பதினாறு ஆண்டுகளாக அவளுடைய உத்தியோகம். எட்டு மாதிரிகளை எடுத்து அளந்தாள். ஏழில் கவலைப்படும்படி எதுவும் இல்லை. எட்டாவதில், அதாவது தங்கையின் கணவருடைய சட்டைக் கைமடிப்பிலிருந்து தட்டியெடுத்த தூசியில், ஈயம் கொட்டிக் கிடந்தது. அவர் வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர்.

அன்றே, அதாவது இருபத்தோரு நாட்களுக்கு முன், தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தகப்பனார் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெயிண்டர் பிள்ளையை நெருங்கக் கூடாது என்று குழந்தைகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுத்து, இடைக்கால உத்தரவும் வாங்கிவிட்டாள். மனுவோடு இணைத்த ஒரே சான்று, பெரியவள் கையெழுத்திட்ட அந்த அளவீட்டுத் தாள். அந்த மனுவின் மீதான விசாரணை இன்று பிற்பகல் மூன்று மணிக்கு.

"திருட்டுத்தனமா வந்து பார்த்துட்டுப் போறான்க்கா அந்த ஆளு," என்றாள் தங்கை. "நான் வேலைக்குப் போன நேரமாப் பார்த்து வந்து பிள்ளையைத் தூக்கியிருப்பான். இல்லேன்னா எப்படி ஏறும்? இன்னிக்கு ஆபீசர்கிட்ட ஒரேயடியாச் சொல்லிடப் போறேன். தெருப்பக்கமே தலைகாட்டக் கூடாதுன்னு எழுதி வாங்காம விடமாட்டேன். நீ வந்து, அந்தத் தாள்ல இருக்கறது உன் கையெழுத்துதான்னு சொன்னாப் போதும்."

"அப்பா அவரை உள்ளே விடுவாரா?"

"அப்பாவா? மாப்பிள்ளைன்னு சொன்னாலே ஸ்பேனரைத் தேடறாரு."

"அப்புறம் எப்படி வந்திருப்பாரு?"

 "வக்கீல் மாதிரி கேள்வி கேக்காதே. மூணு மணி. ஆடி அசைஞ்சு வராம நேரத்தோட வந்து சேரு," என்று சொல்லித் தங்கை வைத்துவிட்டாள்.

* * *

கண்ணாடி அறைக்குள் இயந்திரம் சீராக இரைந்துகொண்டிருந்தது. அன்றைய வரிசையில் நாற்பது மாதிரிகள்: கோதுமை மாவு, உலர் மீன், ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் தோண்டிய மண். எல்லாம் நைட்ரிக் அமிலத்தில் கரைந்து, தண்ணீர் போல் தெளிந்து, தொப்பி போட்ட குழாய்களில் வரிசையாக நின்றன. ஊசி போன்ற உறிஞ்சி ஒவ்வொன்றிலும் இறங்கிச் சிறிது குடித்தது. குடித்ததைப் பனியாகத் தெளித்து, ஆர்கான் வாயுவில் எரியும் பிளாஸ்மாச் சுடருக்குள் அனுப்பியது. சூரியனின் மேற்பரப்பை விட அதிகமான அச்சூட்டில் மாவும் மீனும் மண்ணும் தம் அடையாளத்தை இழந்து அணுக்களாகப் பிரியும். அவற்றில் ஈய அணுக்களைத் தனியே பிரித்து எண்ணிச் சொல்வது இயந்திரத்தின் வேலை.

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கை தானாகப் பேனாவைத் தேடியது. எழுதுவதற்குத்தான் எதுவும் இல்லை.

ஈயம் வரும் வழி அடைபட்டால் ரத்தத்தில் அதன் அளவு மெல்ல இறங்க வேண்டும். இருபத்தோரு நாட்கள் பெயிண்டரின் நிழல்கூடப் பிள்ளை மீது படவில்லை. இருந்தும் ஏறுகிறது என்றால், அடைத்த வழி ஒன்று, வருகிற வழி வேறொன்று.

இந்த இருபத்தோரு நாட்களில் பிள்ளை இருப்பது எங்கே? தாத்தா வீட்டில். முன்பு தங்கை வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் மட்டும் அங்கே இருந்தான். இப்போது முழு நாளும். அந்த வீட்டிலிருந்து அவள் எடுத்து வந்த மாதிரி ஒன்றே ஒன்று: கூடத்தில் இருக்கும் குழாய் வைத்த சிறிய எவர்சில்வர் டிரம்மிலிருந்து பிடித்த எலுமிச்சைத் தண்ணீர். பிள்ளையின் வயிற்று வலிக்கு இதமாக இருக்கும் என்று தாத்தா தினமும் காலையில் பழம் பிழிந்து, தேன் கலந்து, அதில் ஊற்றி வைப்பார். தானே குழாயைத் திறந்து தானே பிடித்துக் குடிப்பதில் வாண்டுக்கு அப்படியொரு பெருமை.

தாளின் மூன்றாவது வரியில் அதன் விடை இருந்தது. லிட்டருக்கு ஏழு மைக்ரோகிராம். குடிநீருக்கு அனுமதித்த அளவு பத்து. ஆகவே அதை அவள் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

இப்போது அந்நாளின் கோப்பைக் கணினியில் திறந்தாள்.

வாசகர்களுக்கு இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நாள் முழுவதும் ஓடும் இயந்திரம் களைத்துப் போகும்; காலையில் நூறு எண்ணியது மாலையில் எண்பதுதான் எண்ணும். அதைச் சரிக்கட்டுவதற்காக ஒவ்வொரு மாதிரியிலும் பிஸ்மத் என்னும் உலோகத்தை ஒரே அளவில் துணைக்குச் சேர்த்து விடுவார்கள். பிஸ்மத் குறைவாகத் தெரிந்தால் இயந்திரம் களைத்திருக்கிறது என்று பொருள். அந்த விகிதத்துக்கு ஈயத்தின் எண்ணைக் கணினி உயர்த்திக் கொடுக்கும். பிஸ்மத் கூடுதலாகத் தெரிந்தால் அதே விகிதத்துக்கு ஈயத்தைக் குறைத்துவிடும். உணவிலும் நீரிலும் இயற்கையாகப் பிஸ்மத் இருக்காது என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

பிஸ்மத்துக்கென ஒரு தனிப் பத்தி கணினியில் உண்டு. எந்த அறிக்கையும் வெளியே போகுமுன் அந்தப் பத்தியைப் பார்த்தாக வேண்டும். அன்று அவள் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், யாருக்கும் தெரியாமல், சொந்த வேலையாக ஓட்டியது அது. தங்கை வாசலில் காத்திருந்தாள். விடை மட்டும் போதும் என்று மற்ற பத்திகளை மறைத்துவிட்டு ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள்.

மறைத்த பத்தியை இப்போது விரித்தாள்.

குழாய்த் தண்ணீர், தொண்ணூற்றெட்டு விழுக்காடு. பால் மாவு, நூற்று ஒன்று. எலுமிச்சைத் தண்ணீர், நாலாயிரத்து ஐம்பது.

எழுத்துகள் சிவப்பு நிறத்தில் இருந்தன. கணினி அன்றைக்கே எச்சரித்திருக்கிறது.

நாற்பது மடங்கு பிஸ்மத். அப்படியானால் கணினி ஈயத்தை நாற்பதால் வகுத்து, வந்ததை ஏழு என்று கொடுத்திருக்கிறது. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல என்று பேச்சுக்குச் சொல்வார்கள். உண்மையான ஈயம் அப்படிக் கொதித்துக்கொண்டு வருவதில்லை; தேன் கலந்து, டம்ளரில் நிரம்பி, இனிப்பாக வருகிறது. 

மாதிரியின் மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. எடுத்தாள். பிஸ்மத்தை விட்டுவிட்டுத் தாலியம் என்னும் வேறோர் உலோகத்தைத் துணையாகச் சேர்த்து, வரிசையின் கடைசிக் குழியில் வைத்தாள்.

"மேடம், இன்னிக்கு நாப்பது சாம்பிள்தானே? நாப்பத்தொண்ணாவதா ஒருத்தர் உக்காந்திருக்காரே, யாரு அந்த அழையா விருந்தாளி?"

பின்னால் நின்றவர் தர ஆய்வாளர். ஓய்வுபெற இரண்டு ஆண்டுகளே உள்ளவர். எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் நாலு இடத்தில் சுழித்துத் திருப்பி அனுப்புவதால் கூடத்தில் அவருக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"என் தங்கச்சி பிள்ளை குடிக்கற தண்ணி சார்."

"பதிவு எண்?"

"இல்ல."

"முன்னாடி ஒரு தடவை ஓட்டியிருக்கீங்க போலிருக்கே, அதுக்கு?"

"அதுக்கும் இல்ல."

"யாரு சரிபார்த்தது?"

"நானேதான் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஊர் பேர் தெரியாதவன் கொண்டுவர்ற கருவாட்டுக்குக்கூட என்கிட்ட நாலு திட்டு வாங்கின பிறகுதான் ரிப்போர்ட் வெளியே போகும். சொந்தப் பிள்ளைக்கு ஒரு திட்டுகூட வாங்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

 எந்த அந்நியனுக்கும் அவள் இப்படிச் செய்ததில்லை. அதை நினைக்கையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நிர்வாகத்துக்கு நான் எழுதியாகணும்," என்றார் சிவப்பு மை.

"எழுதுங்க சார். வேலை போனாலும் போகட்டும். இப்ப இதை மட்டும் கூட இருந்து பாருங்க."

"எண் இல்லாத சாம்பிளுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பார்க்கலாம். பார்க்கறதுக்குச் சட்டம் இல்ல."

இயந்திரம் மூன்று முறை அளந்தது. இருநூற்று எண்பத்து நான்கு. இருநூற்று எண்பத்தாறு. இருநூற்று எண்பத்து மூன்று.

சிவப்பு மை வெறும் அமிலத்தை ஓட்டச் சொன்னார். தெரிந்த அளவுள்ள கரைசலை ஓட்டச் சொன்னார். எல்லாம் சரியாக வந்தன. பையிலிருந்து பேனாவை எடுத்தவர், திறக்காமலே திரும்பச் செருகிக்கொண்டார்.

"முதல்ல போன் பண்ணுங்கம்மா," என்றார். அவளை 'அம்மா' என்று அவர் அழைத்தது அதுவே முதல் தடவை.

* * *

"அப்பா, வாண்டு என்ன பண்றான்?"

"என்ன பண்ணுவான்? டிரம் முன்னாடி தவம் கிடக்கறான். ரெண்டு டம்ளர் உள்ளே போயாச்சு, மூணாவதுக்கு மல்லுக்கு நிக்கறான்."

"குடுக்காதீங்க."

"ஏம்மா? எலுமிச்சை வயித்துக்கு நல்லதுதானே?"

"குடுக்காதீங்கன்னா குடுக்காதீங்கப்பா." குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்து தணித்துக்கொண்டாள். "அந்த டிரம்ல ஏதாவது வேலை பார்த்தீங்களா?"

தகப்பனாரின் குரலில் உற்சாகம் ஏறியது. முப்பது ஆண்டுகள் கருவித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவர். தம் கைவேலையைப் பற்றி யாராவது கேட்டால் போதும்.

"பார்த்தேனே! போன வருஷம் குழாய்க் கழுத்துல ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. கடைக்காரன் புது டிரம் வாங்கச் சொன்னான். நான் விடுவேனா? உள்பக்கமா வளைவுக் கட்டியை உருக்கி வார்த்துட்டேன். இன்னி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகியிருக்குமா?"

"வளைவுக் கட்டின்னா?"

"மெல்லிசுக் குழாயை வளைச்சா நெளிஞ்சுடுமில்ல? அதனால உள்ளே இதை உருக்கி ஊத்தி, இறுகினதும் வளைப்போம். அப்புறம் வெந்நீர்ல முக்கினா உருகி ஓடி வந்துடும். வேலையை விட்டு வர்றப்ப ஃபோர்மேன் ஒரு பாளம் குடுத்தாரு. தங்கம் மாதிரி வெச்சிருக்கேன். அடுப்புகூட வேண்டாம், வெந்நீர் போதும்."

வெந்நீரில் உருகும் உலோகக் கலவையைப் பற்றி அவள் படித்திருக்கிறாள். பாதி பிஸ்மத். கால் பங்கு ஈயம். மிச்சம் வெள்ளீயமும் காட்மியமும்.

அப்பாலிருந்து வாண்டின் குரல் கேட்டது. "தாத்தா, நானே திறப்பேன்! நானே!"

"அப்பா, அவனை அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போங்க. டிரம்ல இருக்கறதைக் கொட்ட வேண்டாம். ஒரு துணியைப் போட்டு மூடி, எட்டாத இடத்துல வைங்க. நான் வர்றேன்."

"என்னம்மா விஷயம்?"

"வந்து சொல்றேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

* * *

குழந்தைகள் நல அலுவலகத்தின் விசாரணை அறையில் ஒரு நீள மேசை, ஆறு நாற்காலிகள், மூலையில் கைபிடி உடைந்த பொம்மைக் கூடை. பெயிண்டர் எல்லோரையும் விட்டுக் கடைசி நாற்காலியில், தம் சட்டை யார் மீதும் பட்டுவிடக் கூடாது என்பவர் போல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். சட்டை புதியது, அளவு எழுதி ஒட்டிய சிறு தாள்கூடக் கழுத்துப் பட்டையில் அப்படியே இருந்தது. நகங்களைத் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

அதிகாரி அம்மையார் மனுவைப் புரட்டினார். "ரெண்டாவது ரத்தப் பரிசோதனையில அளவு கூடியிருக்குன்னு சொல்றீங்க. இவர் வந்ததை யாராவது பார்த்தாங்களா?"

"பார்க்கணுமா மேடம்? ரிசல்ட்டே சொல்லுதே," என்றாள் தங்கை.

"நான் வரலைங்க," என்றார் பெயிண்டர். "தெருமுனை வரைக்கும் வந்தேன். ஒரே ஒரு நாள். அங்கேயே நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

"பாருங்க, ஒத்துக்கறான்!"

"ஒரு நிமிஷம்மா." அதிகாரி அளவீட்டுத் தாளைப் பெரியவள் பக்கம் நகர்த்தினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம் மேடம். கையெழுத்து என்னுது. அளவு தப்பு."

தங்கை வெடுக்கென்று திரும்பினாள். "என்னக்கா உளர்றே?"

"மூணாவது வரி. ஏழுன்னு போட்டிருக்கேன். அது ஏழு இல்ல, இருநூத்து எண்பத்து நாலு. துணைக்குச் சேர்க்கற உலோகம் அந்தத் தண்ணியிலயே நிறையக் கிடந்துச்சு. அது கணக்கைக் குழப்பிடுச்சு. குழம்பியிருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டினதை நான் பார்க்கலை. யார்கிட்டயும் சரிபார்க்கவும் குடுக்கலை."

"எவ்வளவு இருக்கலாம்?" என்று கேட்டார் அதிகாரி.

"பத்து."

தங்கை தாளைப் பிடுங்கி மூன்றாவது வரியை விரலால் தொட்டுப் படித்தாள். "தாத்தா வீட்டு எலுமிச்சைத் தண்ணி." உதடுகள் இன்னொரு முறை அதே சொற்களைச் சொல்லின, ஓசை வரவில்லை. பிறகு, "முதல் டம்ளர் இன்னிக்கு நான்தான்க்கா குடுத்தேன். வயித்து வலியில வேண்டாம்னு அழுதான். வயித்துக்கு நல்லதுடான்னு மூக்கைப் பிடிச்சு..." என்றவள் முடிக்கவில்லை.



"அண்ணி," என்றார் பெயிண்டர். அவர் குரலை உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்ப என் சட்டைத் தூசி?"

"அதுல ஈயம் இருக்கறது நிஜம். ஆனா நீங்க பட்டறையிலயே குளிச்சு, வேற சட்டை மாத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவீங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தாள்ல எழுதலை."

அவர் தலையாட்டினார். "அன்னிக்குத் தெருமுனையில நின்னப்ப வாண்டு என்னைப் பார்த்தான் அண்ணி. ஓடி வருவான்னு கையை நீட்டினேன். 'அப்பா அழுக்கு'ன்னு சொல்லிட்டு உள்ளே ஓடிட்டான்." தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அது தப்புன்னும் ஒரு தாள் எழுதிக் குடுப்பீங்களா?"



அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். "வாய்மொழியா நீங்க சொல்றதைக் குறிச்சுக்கறேன். ஆனா கோப்புல இருக்கறது இந்தத் தாள். முறையா எண் போட்ட புது அறிக்கை வர்ற வரைக்கும் இடைக்கால உத்தரவு அப்படியேதான் இருக்கும்." தங்கையிடம் திரும்பினார். "நீங்க விரும்பினா மனுவை இப்பவே வாபஸ் வாங்கலாம்மா."

பெயிண்டர் முதன்முறையாக மனைவியை நேருக்கு நேர் பார்த்தார்.

தங்கை அவரைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள். "தூசியும் நிஜம்னுதானே அக்கா சொன்னா," என்றாள். "எனக்கு யாரை நம்பறதுன்னு தெரியலைங்க மேடம். இப்ப பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். மத்தது அப்புறம்."

எழுந்து நடந்தாள். பெயிண்டர் கூடவே எழப் போனவர், எதையோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

* * *

மாலை வெயில் கூடத்தில் பாதி வரை வந்திருந்தது. தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்ற வாடகை வண்டியில் ஏறிப் போய்விட்டாள். தகப்பனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னம்மா இது? என்னைக் கொலைகாரனைப் பார்க்கற மாதிரி பார்த்துட்டுப் போறா?"

பெரியவள் அவரை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னாள். இருநூற்று எண்பத்து நான்கையும் சொன்னாள்.

"நடக்கற காரியமா?" அவர் சிரிக்கவே செய்தார். "முப்பது வருஷம் இந்தக் கையால தொட்ட கட்டிம்மா. எனக்கு என்ன ஆச்சு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உன் மெஷின்ல ஏதோ கோளாறு. ஒரு தடவை தப்பாச் சொன்ன மெஷின் ரெண்டாவது தடவை மட்டும் சரியாச் சொல்லுமா?"

"தப்புச் சொன்னது மெஷின் இல்லப்பா, நான்தான். நீங்க கட்டியைத் தொட்டீங்க, கை கழுவினீங்க. இவன் குடிச்சிருக்கான். எலுமிச்சைப் புளிப்பு அதைக் கரைச்சுக்கிட்டே இருந்திருக்கு."

"கரைஞ்சா ஒழுகணுமே! ஒழுகலையே!"

அவள் வாதாடவில்லை. அலமாரியின் மேலிருந்த டிரம்மை இறக்கி, துணியை விலக்கி, கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து மூடினாள். மிச்சத்தை வேறொரு வாளியில் ஊற்றினாள். காலியான டிரம்மை அவர் முன்னால் வைத்து, டார்ச் விளக்கைக் கையில் கொடுத்தாள்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். குழாய்க் கழுத்தைச் சுற்றி அவர் வார்த்தபோது அது மோதிரம் போல் வழவழவென்று, முகம் பார்க்கும்படி இருந்தது. இப்போது சாம்பல் நிறத்தில் பொரிந்து, கறையான் தின்ற மரம் போல் குழி குழியாகக் கிடந்தது. ஆள்காட்டி விரலை விட்டுத் தடவினார். அந்த விரலுக்கு ஒரு மயிரிழைத் தேய்மானமும் தெரியும்.

"பாதி இல்ல," என்றார்.



"நான் வார்த்ததுல பாதி இல்லம்மா. அரிச்சிருக்கு. இவ்வளவும் எங்கே..."

கேள்வியை முடிக்குமுன்னே விடை அவருக்குத் தெரிந்துவிட்டது. டார்ச் விளக்கை அணைக்க மறந்து மடியில் வைத்துக்கொண்டார். வெளிச்சம் அவர் தாடையின் கீழ் விழுந்தது. எழுபது வயதை அவள் அந்த முகத்தில் இதுவரை கண்டதில்லை, இன்று கண்டாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தானே குற்றவாளியாக நிற்கையில் ஆறுதல் சொல்லும் தகுதி தனக்கு உண்டா என்று தயங்கினாள். கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். பாட்டிலைத் துடைத்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டினாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"சார், நான்தான். நாளைக்குக் காலையில ஒரு சாம்பிள் கொண்டு வர்றேன். முறைப்படி பதிவு பண்ணி, என் பேரைப் போட்டு, வேற யாராவது அளக்கணும். ஈயத்தோட காட்மியமும் பார்க்கணும். கோர்ட்டுக்குப் போற அறிக்கை மாதிரி நீங்க எவ்வளவு சுழிக்கணுமோ அவ்வளவும் சுழிங்க."

"கொண்டாங்க. பிள்ளை எப்படி இருக்கான்?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான் சார்."

"சரிம்மா. ரிஜிஸ்டர் இங்கேதான் இருக்கு. இப்பவே எண்ணை ஒதுக்கி வைக்கறேன். ஒரு சாம்பிள்தானே?"

"ஒண்ணுதான் சார்."

அவள் புடவைத் தலைப்பை யாரோ பிடித்து இழுத்தது போலிருந்தது. தகப்பனார்தான். நாற்காலியிலிருந்து எழாமலே கையை நீட்டிப் பிடித்திருந்தார்.

"ஒண்ணு இல்லம்மா," என்றார்.

"என்னப்பா?"

"ரிட்டயர் ஆகி வந்து பொழுது போகலை. ஒழுகுதுன்னு யார் வந்தாலும் சும்மாதான் செஞ்சு குடுத்தேன். ஒரு பைசா வாங்கினதில்ல." கட்டை விரலை மடக்கினார். "மாடி வீட்டுப் பொண்ணு. கைப்பிள்ளைக்காரி." அடுத்த விரலை மடக்கினார். "எதிர் வீட்டுத் தையல்காரர். மருந்துக் கடைக்காரரோட மாமியார் வீடு. அப்புறம் அந்த லாரி டிரைவர், ரெட்டைப் பிள்ளைங்க..."

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்றார் சிவப்பு மை.

"மெயின் ரோட்டுப் பாலர் பள்ளியில பெரிய டிரம் ஒண்ணு," என்றார் தகப்பனார். "அதுல ரெண்டு குழாய். நாப்பது பிள்ளைங்க. பாவம், நல்லாக் குடிக்கட்டும்னு கொஞ்சம் தாராளமாவே வார்த்தேன்."

"எத்தனை எண் ஒதுக்கட்டும்மா? சொல்லுங்க."

பெரியவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். அப்பாவின் வலது கையில் மடக்குவதற்கு விரல் மிச்சமில்லை. இடது கையைத் தூக்கினார்.